கட்டாயம் யாருக்கு? பள்ளி வருகையும் பல்கலைக்கழக மேற்பார்வையும்

அவையோர் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

தொடக்கக் கல்வித் துறையில் ஆசிரியனாகவும், பின்னர் பள்ளிகளைப் பார்வையிடும் அலுவலனாகவும் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். கல்வியின் மீது அரசுக்குள்ள கண்காணிப்பைப் பற்றிப் பேச வேண்டும் என்று அழைத்திருக்கிறீர்கள். பள்ளி வருகைப் பதிவேட்டிலிருந்து பல்கலைக்கழக ஆய்வுக் குழு வரை எல்லாவற்றுக்கும் பொருந்துகிற ஒரு கேள்வியை மட்டும் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். அரசு மேற்பார்வையிடுகிறது, அதனால் கட்டுப்படுகிறவர் யார்?

பள்ளி வருகையைச் சட்டத்தால் கட்டாயமாக்கும் முயற்சி இந்நாட்டில் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே தொடங்கிவிட்டது. பரோடா மன்னர் மூன்றாம் சயாஜிராவ் 1893இல் அம்ரேலி வட்டாரத்தில் கட்டாயத் தொடக்கக் கல்வியைச் சோதனையாகத் தொடங்கி, 1906இல் தம் அரசு முழுமைக்கும் விரிவுபடுத்தினார். ஒரு சமஸ்தானத்தால் இயன்றது பிரிட்டிஷ் இந்தியாவால் ஏன் இயலாது என்று கேட்ட கோபால கிருஷ்ண கோகலே, 1911இல் மத்திய சட்டமன்றத்தில் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார்; அடுத்த ஆண்டு அது 13க்கு 38 என்ற வாக்குகளில் தோற்றது. சென்னை மாகாணத்தின் தொடக்கக் கல்விச் சட்டம் 1920இல் வந்தது. விடுதலைக்குப் பின் நம் அரசியலமைப்பின் 45ஆம் உறுப்பு, பதினான்கு வயது வரையிலான பிள்ளைகள் அனைவருக்கும் பத்தாண்டுகளுக்குள் இலவசக் கட்டாயக் கல்வி கிடைக்க அரசு முயல வேண்டும் என்றது. அந்தப் பத்தாண்டு 1960இல் முடிந்தது. அதை அடிப்படை உரிமையாக்கிய 86ஆம் திருத்தம் வருவதற்கு 2002 வரையும், அதற்கான சட்டம் நடைமுறைக்கு வருவதற்கு 2010 ஏப்ரல் 1 வரையும் நாம் காத்திருந்தோம்.

இந்தக் கால வரிசையை நான் நினைவூட்டியது, அதனுள்ளே ஒரு சொல்லின் பொருள் மாறிய விதத்தைக் காட்டுவதற்காகவே. கட்டாயக் கல்வி என்றால், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத தகப்பனைத் தண்டிப்பது என்றே உலகின் பல நாடுகளும் தொடக்கத்தில் பொருள் கொண்டன. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் அந்தப் பொருளைத் திருப்பிப் போட்டது. அதன் எட்டாம் பிரிவின் விளக்கத்தைப் படித்துப் பாருங்கள். கட்டாயக் கல்வி என்பது, ஆறு முதல் பதினான்கு வயது வரையிலான ஒவ்வொரு பிள்ளையின் சேர்க்கையையும் வருகையையும் கல்வி நிறைவையும் உறுதி செய்ய வேண்டிய அரசின் கடமை என்று அங்கே சொல்லப்பட்டிருக்கிறது. பெற்றோருக்கும் பத்தாம் பிரிவு ஒரு கடமையை விதிக்கிறது. ஆனால் அதை மீறியதற்காக அவர்களைத் தண்டிக்கும் விதி எதுவும் அச்சட்டத்தில் இல்லை. கட்டுண்டிருப்பது அரசுதான். இவ்வளவு பெரிய மாற்றம் ஒரு விளக்கக் குறிப்பில் அடங்கியிருப்பதாலோ என்னவோ, அதை நம் அலுவலகங்கள் இன்னும் முழுமையாகப் படித்துக்கொள்ளவில்லை என்பது என் வருத்தம்.

ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். நான் பார்வையிட்ட ஓர் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில், தை பிறந்ததும் சில பிள்ளைகளின் பெயர்களுக்கு எதிரே வராமைக் குறி வரிசையாக நீளும். செங்கல் சூளை வேலைக்காகக் குடும்பத்தோடு சென்றுவிட்ட பிள்ளைகள் அவர்கள். மழைக்காலம் நெருங்கும்போதுதான் திரும்புவார்கள். அப்பள்ளியின் தலைமையாசிரியை, பதிவேட்டின் ஓரத்தில் ஒவ்வொரு பெயருக்கும் நேராகப் பென்சிலால் சிறு குறிப்பு எழுதி வைத்திருந்தார். எந்த ஊர்ச் சூளை, யாரோடு சென்றது, அங்கே அருகில் பள்ளி உண்டா, தங்கையைப் பார்த்துக்கொள்ள நின்றுவிட்டதா என்பன போன்ற செய்திகள் அவை. அரசுப் பதிவேட்டில் இப்படி எழுதக் கூடாது என்று கூறி அவற்றை அழிக்கச் செய்தவன் நான். விதிப்படி அது சரி. அந்த ஒன்றியத்தில் இடைநின்ற பிள்ளைகள் எத்தனை பேர் என்ற எண் மாதந்தோறும் என் கையெழுத்தோடு மேலே சென்றது; ஏன் நின்றார்கள் என்ற செய்தியை நானே ரப்பரால் அழிக்கச் சொல்லியிருந்தேன். அந்த அம்மையார் மறுவார்த்தை பேசாமல் அழித்தார். அவர் முகம் இன்றும் எனக்கு மறக்கவில்லை.

பின்னாளில் வந்த கல்வி உரிமைச் சட்டம் அந்த ஓரக் குறிப்புகளையே கடமையாக்கியது என்று நான் நினைப்பதுண்டு. தன் எல்லைக்குள் வாழும் பதினான்கு வயது வரையிலான பிள்ளைகளின் பதிவுகளை உள்ளாட்சி அமைப்பு பராமரிக்க வேண்டும், இடம்பெயர்ந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டும் என்கிறது ஒன்பதாம் பிரிவு. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாகிறது என்பதைக் காட்டிச் சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது என்கிறது ஐந்தாம் பிரிவு. இவற்றின்படி, சூளை இருக்கும் ஊரே அந்தப் பிள்ளையைத் தேடிச் செல்லக் கடமைப்பட்டிருக்கிறது. நாமோ, பிள்ளை விட்டுச்சென்ற ஊரின் பதிவேட்டை மட்டும் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

எண்ணுவதை மட்டும் நம்பும் மேற்பார்வை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு வரலாற்றில் சான்று உண்டு. இங்கிலாந்தில் 1862 முதல், மாணவர் வருகையையும், எழுத்து, வாசிப்பு, கணக்கு ஆகியவற்றில் ஆய்வாளர் நடத்தும் தேர்வையும் கணக்கிட்டுப் பள்ளிகளுக்கு மானியம் அளித்தார்கள். தேர்ச்சிக்கேற்ற மானியம் என்ற அம்முறை சென்னை மாகாணத்துக்கும் வந்தது. விளைவு எதிர்பார்க்கக்கூடியதே. ஆய்வாளர் வரும் நாளுக்காகவே பாடம் நடந்தது. வாசகங்களை மனப்பாடம் செய்தவர்கள் வாசிக்கத் தெரிந்தவர்களாகக் கணக்கில் ஏறினார்கள். இங்கிலாந்தில் 1897க்குள் அம்முறையைக் கைவிட்டார்கள். நாமோ வேறு வேறு பெயர்களில் அதற்கே திரும்புகிறோம். இன்று கைப்பேசிச் செயலியில் வருகை பதியப்படுகிறது; பிழையும் போலிப் பதிவும் குறையும் என்ற வகையில் அதை நான் வரவேற்கிறேன். ஆனால் நாளின் முதல் பாடவேளை பதிவேற்றத்திலேயே கரைகிறது என்று ஆசிரியர்கள் முறையிடும்போது, அதைச் சோம்பலின் குரலாகக் கொள்வது அநீதி. ஆசிரியர்களைக் கல்வி சாராத பணிகளில் ஈடுபடுத்தக் கூடாது, மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் பேரிடர் நிவாரணமும் தேர்தலும் மட்டுமே விலக்கு என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவே சொல்லியிருக்கிறது.

பிள்ளைகளைப் பள்ளிக்கு வரவழைத்தது எது என்று தமிழ்நாடு அறியும். 1920இல், தியாகராயர் தலைமையில் இயங்கிய சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் மதிய உணவு வழங்கத் தீர்மானித்தது. 1950களில் காமராசர் ஆட்சி அதை மாநிலமெங்கும் கொண்டு சென்றது, 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022 செப்டம்பரில் காலை உணவும் சேர்ந்தது. பசி ஒரு காரணம் என்று கண்டறிந்த அரசு அந்தக் காரணத்தைத் தன் பொறுப்பாக ஏற்றுக்கொண்டது. வருகை தானே உயர்ந்தது. மேற்பார்வை என்றால் இதைத்தான் நான் சொல்வேன். வராதவரைப் பட்டியலிடுவதோடு நிற்காமல், வராமைக்கான காரணத்தைத் தன் கணக்கில் எழுதிக்கொள்வது அது.

மேற்பார்வையே வேண்டாம் என்பது என் வாதம் என்று யாரும் கருதிவிட வேண்டாம். 2004 ஜூலை 16ஆம் நாள் கும்பகோணத்தில் 94 பிள்ளைகள் தீயில் மாண்டார்கள். கூரை வேய்ந்த இடத்தில், நெருக்கடியான கட்டடத்தில், வெளியேற வழியின்றி அவர்கள் இறந்தார்கள். அங்கீகாரம், கட்டட உறுதிச் சான்று, தீத்தடுப்பு என எல்லாவற்றுக்கும் விதிகள் அன்றும் இருந்தன. அவற்றைப் பார்க்க வேண்டிய கண்கள் பார்க்கவில்லை. பள்ளி அலுவலனாக இருந்த எவனும் அந்த நாளைக் குற்ற உணர்வு இல்லாமல் நினைக்க முடியாது. பிள்ளையின் உயிரைக் காக்கும் மேற்பார்வையில் தளர்வுக்கு இடமே இல்லை.

இனி உயர்கல்விக்கு வருகிறேன். அங்கே மேற்பார்வையாளர்கள் பலர். 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த பல்கலைக்கழக மானியக் குழு, தொழில்நுட்பக் கல்விக்கும் மருத்துவத்துக்கும் சட்டத்துக்கும் ஆசிரியர் பயிற்சிக்கும் தனித்தனி அமைப்புகள், 1994 முதல் தர மதிப்பீடு செய்யும் தேசியக் குழு, இணைவிப்பு வழங்கும் பல்கலைக்கழகம், மாநில அரசின் உயர்கல்வித் துறை என ஒரே கல்லூரியின் வாசலில் பலர் நிற்கிறார்கள். கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு மாற்றிய 1976ஆம் ஆண்டின் 42ஆம் திருத்தத்துக்குப் பின் இந்த நெரிசல் கூடியது. அதிகாரம் மாநிலத்திடம் இருக்க வேண்டும் என்பதே என் கருத்து. ஆயினும் இன்று நான் கேட்பது, இத்தனை பேர் பார்வையிட்டும் ஏமாற்றப்பட்ட மாணவனுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் யார் என்பதே.

சத்தீஸ்கர் மாநிலத்தில் 2002இல் ஒரு சட்டம் இயற்றினார்கள். அதன்படி வெறும் அறிவிக்கையின் மூலம் நூற்றுக்கும் மேற்பட்ட தனியார் பல்கலைக்கழகங்கள் தோன்றின. அவற்றில் பலவற்றுக்கு வளாகமோ ஆய்வகமோ இல்லை. மானியக் குழுவின் முன்னாள் தலைவரான பேராசிரியர் யஷ்பால், ஒரு குடிமகனாக உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்ட வேண்டியிருந்தது. 2005 பிப்ரவரியில் நீதிமன்றம் அச்சட்டத்தின் முதன்மையான பிரிவுகளைச் செல்லாதவை என அறிவித்தது. அங்கே ஏற்கெனவே சேர்ந்து படித்துக்கொண்டிருந்த மாணவர்களைக் கருதி, அந்நிறுவனங்கள் மாநிலத்தில் முன்பிருந்த பல்கலைக்கழகங்களோடு இணைவு பெற வழிசெய்ய வேண்டும் என்றும் கூறியது. மாணவர்களுக்கு ஓரளவு பாதுகாப்பு கிடைத்தது. அது ஒரு தனிமனிதரின் வழக்கால் கிடைத்தது, மேற்பார்வை அமைப்புகளால் கிடைக்கவில்லை.

மானியக் குழுச் சட்டத்தின் 22, 23ஆம் பிரிவுகள், உரிமை இல்லாத எவரும் பட்டம் வழங்குவதையும், பல்கலைக்கழகம் என்ற பெயரைச் சூட்டிக்கொள்வதையும் தடை செய்கின்றன. அவற்றை மீறினால் 24ஆம் பிரிவு விதிக்கும் தண்டனை, அதிகபட்சம் 1,000 ரூபாய் அபராதம். 1956இல் அது பெருந்தொகையாக இருந்திருக்கலாம். இன்று போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை மானியக் குழு வெளியிடுகிறது. எச்சரிக்கையாக இருக்கும்படி மாணவர்களைக் கேட்டுக்கொள்கிறது. ஒரு குடும்பத்தின் முதல் பட்டதாரியாகப் போகிற பெண், விண்ணப்பம் போடுவதற்கு முன் அந்தப் பட்டியலைத் தேடிப் படித்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது, பாதுகாக்கும் கடமையைப் பாதுகாக்கப்பட வேண்டியவள் தலையில் சுமத்துவதாகும். பள்ளிச் சட்டம் திருப்பிப் போட்ட பொருளை உயர்கல்விச் சட்டம் இன்னும் திருப்பிப் போடவில்லை.

ஆய்வு நாள் எப்படி நடக்கிறது என்று கல்லூரிகளில் பணியாற்றியவர்கள் அறிவார்கள். வேறிடத்தில் பணிபுரியும் ஆசிரியரின் பெயர் இங்கே பதிவேட்டில் இருக்கும். அன்றைக்கு மட்டும் அவரும் வந்து அமர்ந்திருப்பார். நூலகத்துக்கு வந்த புத்தகங்கள் குழு கிளம்பியதும் திரும்பிச் செல்லும். மாணவனுக்கோ 75 விழுக்காடு வருகை இல்லாவிட்டால் தேர்வு எழுத இயலாது. அவனுக்கு வகுப்பெடுக்க வேண்டிய ஆசிரியர் ஆண்டின் எத்தனை நாட்கள் அங்கே இருந்தார் என்று மாணவனிடம் கேட்பவர் யாருமில்லை. ஆய்வுக் குழுவினர் முன்னறிவிப்பின்றி வந்து, நிர்வாகத்தின் அறைக்குச் செல்லுமுன் இருபது மாணவர்களோடு அரை மணி நேரம் தனியே பேசினால், ஆயிரம் பக்கத் தன்மதிப்பீட்டு அறிக்கை சொல்லாததை அறிந்துகொள்ளலாம்.

அதே நேரத்தில், மேற்பார்வை எங்கே நிற்க வேண்டும் என்பதும் முக்கியம். உயர்கல்விக்கு உதவுவது அரசின் கடமை, அந்த உதவியைக் கல்விக் கொள்கை மீதான கட்டுப்பாடாகக் குழப்பிக்கொள்ளக் கூடாது என்று 1948இல் அமைக்கப்பட்ட இராதாகிருஷ்ணன் குழு தெளிவாகவே எழுதியது. ஆசிரியர் இருக்கிறாரா, ஆய்வகம் இயங்குகிறதா, பட்டத்துக்கு மதிப்பு உண்டா என்று அரசு கேட்கட்டும். கேட்டே ஆக வேண்டும். என்ன சிந்திக்க வேண்டும், எதை ஆராயக் கூடாது என்பதைச் சொல்லும் இடம் அரசுக்கு அங்கே இல்லை. துணைவேந்தரை நியமிக்கும் அதிகாரம் மாநில அரசுக்கா ஆளுநருக்கா என்ற வழக்கில் சென்னைப் பல்கலைக்கழகம் உட்படப் பல பல்கலைக்கழகங்கள் அண்மை ஆண்டுகளில் துணைவேந்தர் இல்லாமலே இயங்க நேர்ந்தது. அந்தப் போட்டியில் இரு தரப்பினரும் மேற்பார்வை என்ற சொல்லையே பயன்படுத்தினார்கள். பட்டச் சான்றிதழுக்காகக் காத்திருந்த மாணவர்கள் எத்தரப்பிலும் இல்லை.

நான் கேட்பவை பெரியவை அல்ல. வருகைப் பதிவேட்டில், வராமைக்குக் காரணம் எழுத ஒரு பத்தி வேண்டும். அதைப் படித்து என்ன செய்யப்பட்டது என்று மேலுள்ள அலுவலர் எழுதிக் கையொப்பமிட அதன் அருகே இன்னொரு பத்தி வேண்டும். கல்லூரிக்கு அளிக்கப்படும் அங்கீகார ஆணையில், ஆய்வு செய்தவர்களின் பெயர்களும் அவர்கள் நேரில் கண்டவையும் சேர்க்கை நடக்கும் முன்பே மாணவர்கள் படிக்கும்படி வெளியிடப்பட வேண்டும். அங்கீகாரம் பின்னர் பறிக்கப்பட்டால், அங்கே சேர்ந்த ஒவ்வொரு மாணவனுக்கும் வேறோர் இடத்தைப் பெற்றுத் தரும் கடமை, அந்த அங்கீகாரத்தை வழங்கிய அமைப்பின் மீதே சட்டப்படி விழ வேண்டும்.

பணி ஓய்வுக்குப் பின் அந்தத் தலைமையாசிரியையை ஒருமுறை சந்தித்தேன். அன்று பென்சில் குறிப்புகளை அழித்த பிறகு என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். வீட்டுக் கணக்கு எழுதும் நோட்டுப் புத்தகம் ஒன்றில் அவற்றை மீண்டும் எழுதி வைத்துக்கொண்டதாகச் சொன்னார். சூளையிலிருந்து திரும்பிய பிள்ளைகளை ஜூன் மாதத்தில் வீடுவீடாகச் சென்று அழைத்துவர, ஆண்டுதோறும் அவருக்குப் பயன்பட்டது அந்த நோட்டுதான்.