பழைய ஸ்கேனருக்கு டிரைவர் எழுதுவது

நேயர்களுக்கு வணக்கம்.

காயலான் கடைக்குப் போய்க்கொண்டிருக்கும் பழைய ஸ்கேனர்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கடலூர், புதுச்சேரிப் பக்கத்துக்காரர்களுக்குக் காகிதத்தின் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபோது பட்டாவும் பள்ளிச் சான்றிதழும் நனைந்து கூழான வீடுகள் நமக்குத் தெரியும். 2015 வெள்ளத்திலும் அதே கதைதான். அதனால் பார்ப்பவர்களிடமெல்லாம், பத்திரத்தை ஸ்கேன் செய்து இரண்டு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவருகிறேன். "ஸ்கேனர் இருக்கு சார், புது கம்ப்யூட்டர் வாங்கினதிலேர்ந்து அது வேலை செய்யலை" என்ற பதில்தான் அதிகம் வருகிறது.

அந்த ஸ்கேனர் பெரும்பாலும் கெட்டுப்போயிருக்காது. விளக்கு எரியும், மோட்டார் ஓடும், கண்ணாடி சுத்தமாக இருக்கும். அதோடு பேசத் தெரிந்த டிரைவர் என்ற மென்பொருள்தான் இருக்காது. 32 பிட் விண்டோஸுக்கு எழுதிய டிரைவரை 64 பிட் விண்டோஸ் ஏற்றுக்கொள்ளாது. தயாரித்தவர்கள் புதிதாக எழுதித் தராவிட்டால் நம்மால் திருத்தவும் முடியாது, ஏனென்றால் அதன் மூலநிரல் நம் கையில் இல்லை.

விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸில் வேறு வழி இருக்கிறது. சேன் என்றொரு திட்டம். 1990-களின் பிற்பகுதியிலிருந்து பல நாட்டுத் தன்னார்வலர்கள் சேர்ந்து ஸ்கேனர்களுக்கு டிரைவர் எழுதி, மூலநிரலோடு எல்லோருக்கும் கொடுக்கிறார்கள். கேனன் லைட் 20, 30, 60, 110, 210 போன்றவை இன்றும் அதில் ஓடுகின்றன. எந்த மாடல் முழுமையாக வேலை செய்யும், எது அரைகுறை, எது இன்னும் இல்லை என்று ஒரு பட்டியலே வைத்திருக்கிறார்கள்.

பட்டியலில் இல்லாத ஸ்கேனர் என்றால்? இங்கேதான் எனக்குப் பிடித்த வேலை ஆரம்பிக்கிறது.

மஞ்சக்குப்பத்தில் ஒரு பத்திர எழுத்தர். அவர் கடையில் அப்படி ஒரு ஸ்கேனர், மேலே கட்டுக் கட்டாகக் காகிதத்தைச் சுமந்துகொண்டு கிடந்தது. வாங்கி வந்து லினக்ஸ் கம்ப்யூட்டரில் செருகி, செருகியிருக்கும் யூஎஸ்பி கருவிகளைக் காட்டும் எல்எஸ்யூஎஸ்பி என்ற கட்டளையைத் தட்டினேன். யூஎஸ்பியில் செருகும் ஒவ்வொரு கருவியும் இரண்டு எண்களைச் சொல்லும். ஒன்று தயாரிப்பாளருக்கு, ஒன்று மாடலுக்கு. கேனன் என்றால் பூஜ்யம், நான்கு, ஏ, ஒன்பது. அந்த எண்களை வைத்துத் தேடி, உறையைக் கழற்றி உள்ளே இருக்கும் சிப்பின் பெயரையும் படித்தேன். சேன் ஏற்கெனவே அறிந்த குடும்பத்துச் சிப்! பெயர்ப்பலகை வேறாக இருந்தாலும் உள்ளே இருக்கும் சிப் ஒன்றாகவே இருப்பது ஸ்கேனர்களில் சாதாரணம். இதைத் திரும்பவும் சொல்கிறேன்: வெளியே இருக்கும் பெயரை நம்பாதீர்கள், உள்ளே இருக்கும் சிப்பைப் பாருங்கள்.

ஆனால் அந்த மாடல் எண்ணைச் சேன் டிரைவரில் சேர்த்துவிட்டால் மட்டும் போதாது. ஒரே சிப்பாக இருந்தாலும் மோட்டார் வேறாக இருக்கலாம், வெளிச்சத்தைப் படிக்கும் சென்சார் வேறாக இருக்கலாம். மோட்டாரின் வேகக் கணக்கு தப்பினால், கண்ணாடிக்கு அடியில் நகர்ந்து பக்கத்தைப் படிக்கும் தலைப்பகுதி ஓரத்தில் முட்டிக் கறகறவென்று அரைக்கும். உடனே வயரைப் பிடுங்க வேண்டும். சரியான கணக்கு எங்கே கிடைக்கும்? பழைய டிரைவரிடமேதான். லினக்ஸுக்குள்ளேயே பழைய விண்டோஸ் எக்ஸ்பியை ஓட்டி, தயாரிப்பாளரின் டிரைவரால் ஒரு பக்கம் ஸ்கேன் செய்து, யூஎஸ்பி வழியாகப் போய்வரும் எல்லாவற்றையும் பதிவு செய்துகொள்ளலாம். பக்கத்து அறையில் இருவர் பேசுவதைச் சுவரில் காது வைத்துக் கேட்பது போன்ற வேலை. முதலில் ஒன்றும் புரியாது. அங்குலத்துக்கு 300 புள்ளியில் ஒரு முறை, 600 புள்ளியில் ஒரு முறை என்று பதிவு செய்து ஒப்பிட்டால், எந்த எண் மாறுகிறது என்று தெரியும். மாறுகிற எண்ணுக்கு ஓர் அர்த்தம் இருக்கும்.

அப்படிச் செய்து முதல் பக்கம் வந்தபோது, மேலிருந்து கீழ்வரை கோடு கோடாக இருந்தது. காரணத்தைக் கேளுங்கள், இது எல்லா ஸ்கேனருக்கும் பொருந்தும். சென்சாரில் ஒரு வரியில் ஆயிரக்கணக்கான புள்ளிகள் உண்டு. ஏ4 தாளின் அகலத்துக்கு 300 புள்ளிக் கணக்கில் மட்டும் ஏறக்குறைய 2480. ஒவ்வொரு புள்ளியும் வெளிச்சத்தை ஒரே மாதிரி வாங்காது. அதனால் ஸ்கேனர் முதலில் விளக்கை அணைத்து இருட்டைப் படிக்கும். பிறகு கண்ணாடியின் ஓரத்தில், உறைக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஒரு வெள்ளைப் பட்டையைப் படிக்கும். இருட்டுக்கும் வெள்ளைக்கும் இடையே ஒவ்வொரு புள்ளியையும் தனித்தனியாகச் சரிசெய்யும். ஸ்கேன் தொடங்கியதும் தலைப்பகுதி சற்று நகர்ந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், அது இதற்காகத்தான். என் நிரலில் அந்தப் பட்டையின் இடம் சில மில்லிமீட்டர் தள்ளியிருந்தது. அதைச் சரிசெய்ததும் பத்திரத்தின் முத்திரை, பச்சை மை, கைரேகை எல்லாம் தெளிவாக வந்தன. அந்தப் பட்டையில் தூசி விழுந்தாலும் கோடு வரும். அது டிரைவரின் குற்றமல்ல. நம் ஊர் உப்புக் காற்றில் தூசி ஈரத்தோடு ஒட்டிக்கொள்ளும், சுத்தம் செய்தாலே சரியாகிவிடும்.

எழுதியதை நமக்கு மட்டும் வைத்துக்கொள்ளாமல் சேன் திட்டத்துக்கு அனுப்புவதுதான் முக்கியம். அவர்கள் பரிசோதித்துச் சேர்த்துவிட்டால், அடுத்த வெளியீடுகளில் உலகத்தில் எந்த மூலையில் அதே ஸ்கேனர் வைத்திருப்பவருக்கும் அது போய்ச் சேரும். அவர் ஒரு நிரலும் எழுத வேண்டாம், செருகினால் போதும்.

கல்லூரி மாணவர்களே, இதற்குப் பெரிய கூடம் வேண்டாம். ஒரு பழைய ஸ்கேனர், ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டர், பொறுமை. சி மொழி தெரிந்திருந்தால் நல்லது.

ஸ்கேன் செய்த தமிழ்ப் பக்கத்தை டெஸராக்ட் மென்பொருளால் எழுத்தாக மாற்றுவதையும் விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். நேரம் நெருங்கிவிட்டது. அதற்கு 300 புள்ளியில் ஸ்கேன் செய்யுங்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அலுவலகத்தில் ஒரே ஸ்கேனரைப் பல கம்ப்யூட்டர்களுக்குப் பகிரவும் சேனில் வசதி இருக்கிறது. பழைய ஸ்கேனரைத் தூக்கிப் போடுமுன் அதன் அடியில் இருக்கும் மாடல் பெயரைக் குறித்துக்கொண்டு, சேன் பட்டியலில் ஒரு முறை தேடிப் பாருங்கள்.

நன்றி, வணக்கம்.