கவசத் தகட்டின் பின்பக்கம்

[காட்சி: ஆஃப்-ரோடு வண்டியின் பின் மூலையிலிருந்து தகடு ஒன்று கழற்றப்படுகிறது]

இந்தத் தகட்டை நான் மாட்டி மூன்று வருடம் ஆகிறது. வெளியே நாலைந்து ஆழமான கீறல். பாறையில் உரசியதையெல்லாம் அதுவே வாங்கிக்கொண்டது. இப்போது உள்ளே பாருங்கள். காய்ந்து இறுகிப்போன சேறு. சுரண்டினால், பாடியில் போல்ட் ஓட்டையைச் சுற்றிக் காசளவுக்குத் துரு. பாறை தொடாத இடத்தைத் தண்ணீர் தின்றிருக்கிறது.

அதனால் இந்த வீடியோவில் தகட்டின் பின்பக்கத்தைப் பற்றித்தான் அதிகம் பேசப் போகிறேன்.

முதலில் ஒரு விஷயம். பாடித் தகடு பொதுவாக ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அதன்மேல் கவசம் மாட்டினால் கீறலும் சின்ன நசுங்கலும் பாடிக்கு வராது. மொத்த வண்டியும் பாறைமேல் உட்கார்ந்தால், கவசமும் பாடியும் சேர்ந்தே உள்ளே போகும். கதவுக்குக் கீழே அந்த ஆபத்து உண்டு. அங்கே சேஸோடு, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தோடு, பிணைத்த ராக் ஸ்லைடர்தான் வேண்டும்; வண்டியின் எடையையே தாங்கும் கனமான பக்கவாட்டுக் கம்பி அது. மூலைக்கும், சக்கரத்தைச் சுற்றியுள்ள ஃபெண்டருக்கும் தகடு போதும்.

அலுமினியமா, இரும்பா? 1 மீட்டர் நீளம், 20 சென்டிமீட்டர் அகலம், 3 மில்லிமீட்டர் தடிமன் என்று வைத்துக்கொள்வோம். அலுமினியம் சுமார் 1.6 கிலோ, இரும்பு சுமார் 4.7 கிலோ. இரும்பு பாறைமேல் வழுக்கிப் போகும். அலுமினியத்தில் பாறை கொஞ்சம் கடித்துப் பிடிக்கும். ஆனாலும் பாடியின் பக்கவாட்டுக்கு என் தேர்வு அலுமினியம்தான். வளைக்கப் போகிறீர்கள் என்றால் 5052 என்ற அலுமினிய ரகம் கேளுங்கள். 6061-டி6 வலுவானது, ஆனால் இறுக்கமாக மடித்தால் வளைவில் விரிசல் விடும்.

[காட்சி: ஃபெண்டரில் ஒட்டிய அட்டை, கையில் மார்க்கர்]

தகட்டை வெட்டும் முன் அட்டையை வெட்டுங்கள். பாடியில் ஒட்டி, வளைவை விரலால் அழுத்தி மடித்து, கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். பெட்ரோல் மூடி திறக்கிறதா, சக்கரத்தை முழுக்கத் திருப்பினால் உரசுகிறதா, சென்சார் எதையாவது மறைக்கிறதா என்று பாருங்கள். நான் மூன்று அட்டை வீணாக்கிய பிறகுதான் ஒன்று சரியாக உட்கார்ந்தது. அந்தப் பொறுமை இங்கே கட்டாயம் வேண்டும்.

அப்புறம் ஓட்டை. ட்ரில் பிடிக்கும் முன், அந்த இடத்துக்குப் பின்னால் ஒயரோ பைப்போ போகிறதா என்று உள்ளே கைவிட்டுப் பாருங்கள். பெயிண்ட்மேல் டேப் ஒட்டி, முதலில் சின்ன பிட், பிறகு பெரிய பிட். பிசிறை அரத்தால் எடுங்கள். கொட்டிய இரும்புத் தூளை ஒரு துளி விடாமல் உறிஞ்சி எடுங்கள். பாடி மடிப்பில் தங்கினால் அந்தத் தூளே முதலில் துருப்பிடிக்கும். வெட்டுப்பட்ட விளிம்பில் பிரைமர், அதற்குமேல் பெயிண்ட். காயும்வரை காத்திருங்கள். மூன்று வருடத்துக்கு முன்பு நான் அவசரப்பட்டு விட்டுவிட்ட வேலை இதுதான்.

[காட்சி: நைலான் வாஷர், ரப்பர் துண்டு, போல்ட் மிக நெருக்கத்தில்]

இன்னொரு பகை, அலுமினியமும் இரும்பும் நேராகத் தொட்டுக்கொள்வது. இடையில் ஈரமும் உப்பும் புகுந்தால் மின்வேதி அரிப்பு தொடங்கும். அதில் அலுமினியம்தான் முதலில் கரையும், வெள்ளைப் பொடியாகப் பூக்கும். ஸ்டெயின்லெஸ் போல்ட்டுக்கும் இது பொருந்தும். அதனால் போல்ட் தலைக்குக் கீழே நைலான் வாஷர், தகட்டுக்கும் பாடிக்கும் நடுவே ரப்பர் துண்டு.

அந்த ரப்பர் சில மில்லிமீட்டர் இடைவெளியும் தரும். அதைச் சிலிக்கான் பூசி அடைக்காதீர்கள். சுற்றிலும் அடைத்தால் தண்ணீர் எப்படியோ உள்ளே போகும், வெளியே வர வழி இருக்காது. கீழ் விளிம்பு திறந்தே இருக்கட்டும். சேற்றில் ஓட்டி வந்ததும் மேலிருந்து ஹோஸ் பிடித்து, கீழே தெளிந்த தண்ணீர் வரும்வரை விடுங்கள்.

[காட்சி: துரு தேய்த்து எடுத்த ஓட்டை, பளபளக்கும் இரும்பு]

சரி, இந்த ஓட்டையைச் சுற்றி நல்ல இரும்பு தெரியும்வரை தேய்த்துவிட்டேன். நல்லவேளை, பாடி இன்னும் பொத்துப்போகவில்லை. இப்போது பிரைமர் அடிக்கிறேன். தகடு நாளைக்குத்தான் ஏறும்.