மணல் மணலாக வந்த ஷியா பட்டர்: இரண்டாவது ரவுண்டு

வணக்கம் மக்களே. போன வீடியோவில் ஷியா பட்டரை, அதாவது ஷியா மரக் கொட்டையில் எடுக்கிற கொழுப்பை வைத்து, உடம்பில் பூசுகிற பாடி பட்டர் செய்துவிட்டு, "பார்த்தீர்களா, எப்படி வழுவழுவென்று இருக்கிறது" என்று கேமரா முன்னால் அலட்டிக்கொண்டேன் அல்லவா? நாலாம் நாள் டப்பாவைத் திறந்து விரலை விட்டால் நறநறவென்று மணல். கையில் தேய்த்தால் கரைந்துவிடுகிறது, கெட்டுப்போகவும் இல்லை, ஆனால் அந்த நறநறப்பு இருக்கிறதே, எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. கமென்டில் ஒருவர் "மேடம், ஸ்க்ரப் செய்தீர்களா?" என்று கேட்டுவிட்டார். சிரித்தேன், கோபமும் வந்தது.

தப்பு என்னுடையதுதான். உருக்கிய கிண்ணத்தை அப்படியே மேசையில் வைத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டேன். ஷியாவில் பல வகைக் கொழுப்பு இருக்கிறது, எல்லாம் ஒரே சூட்டில் உறையாது. மெதுவாக ஆறவிட்டால் சீக்கிரம் உறைகிற வகைகள் தனியாக ஒதுங்கிக் கட்டி கட்டியாகிவிடும், அதுதான் மணல். சட்டென்று குளிரவைத்தால் ஒதுங்க நேரமே கிடைக்காது. அதனால் தூக்கிப் போடவில்லை, அதையே திரும்ப உருக்கினேன்.

புதிதாகச் செய்கிறவர்களுக்கு அளவு: ஷியா 70 கிராம், பாதாம் எண்ணெய் 25 கிராம், தேன்மெழுகு 5 கிராம். மொத்தம் 100. ஸ்பூன் கணக்கு வேண்டாம், எடை போடுங்கள்.

எடை என்றதும் ஞாபகம் வருகிறது, இந்தத் தராசு. இதைப் பற்றி நான் பேசியே ஆக வேண்டும். புது பேட்சுக்கு மெழுகைத் துருவித் துருவிப் போட்டுக்கொண்டிருக்கிறேன், 3 கிராம் வந்திருக்கும், டப்பென்று அணைந்துவிட்டது. இரண்டு நிமிடம் பட்டனைத் தொடாவிட்டால் தூங்கிவிடுமாம்! திரும்ப ஆன் செய்தால் கிண்ணத்தோடு சேர்த்து பூஜ்யம் காட்டுகிறது. போட்டது 3 கிராமா, 4 கிராமா? சிரிக்காதீர்கள், 5 கிராம் மெழுகில் ஒரு கிராம் கூடினால் பட்டர் கெட்டியாகிவிடும். கிண்ணத்தைக் காலி செய்து முதலில் இருந்து வந்தேன். மறுபடியும் அணைந்தது. மூன்றாவது தடவைதான் புத்தி வந்தது: மெழுகை முன்னாடியே துருவி வைத்துக்கொண்டு, தனியாக ஒரு காகிதத்தில் எடை பார்த்துவிட்டு, கடைசியில் கிண்ணத்தில் கொட்டினேன். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மணி நேரம். சரி, கண்டுபிடித்தேன் இல்லையா, அது போதும்.

கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் கிண்ணத்தை வைத்து எல்லாவற்றையும் உருக்கி... இல்லை இல்லை, இருங்கள், எல்லாவற்றையும் ஒன்றாகப் போடாதீர்கள். தேன்மெழுகு உருக 62 முதல் 65 டிகிரி ஆகும், ஷியா உடம்புச் சூட்டிலேயே உருகிவிடும். அதனால் மெழுகும் எண்ணெயும் முதலில், அது தெளிந்த பிறகு ஷியா. பழைய பேட்சுக்கு இது தேவையில்லை, அதில் எல்லாம் ஏற்கெனவே கலந்துதான் இருக்கிறது.

அப்புறம் ஐஸ் போட்ட தண்ணீரில் கிண்ணத்தை வைத்துக் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஓரத்தில் முதலில் வெள்ளைப் படலம் வரும், அதை வழித்து உள்ளே தள்ளிக்கொண்டே இருங்கள். கலங்கித் தயிர் பதத்துக்கு வந்ததும் பீட்டர் போட்டு அடித்தால் பொங்கி வரும். இங்கேயும் ஒன்று நடந்தது. கிண்ணத்தைத் தூக்கி டப்பாவில் சாய்த்தபோது அடியில் ஒட்டியிருந்த ஐஸ் தண்ணீர் இரண்டு சொட்டு உள்ளே. அந்த டப்பாவை மட்டும் ஒதுக்கி, அன்றைக்கே கால் முழுக்கப் பூசித் தீர்த்தேன். அடியைத் துணியால் துடைத்துவிட்டுச் சாயுங்கள், ஈர விரலையும் டப்பாவில் விடாதீர்கள்.

ஏன் இவ்வளவு பயம்? தண்ணீர் இல்லாத பட்டருக்குப் பாதுகாப்புப் பொருள் தேவையில்லை. சொட்டுத் தண்ணீர் போனாலும் கிருமிக்குக் கதவு திறந்துவிடும். "கற்றாழை ஜெல் சேர்க்கலாமா, பன்னீர் ஊற்றலாமா" என்று வீடியோவுக்கு வீடியோ கேட்கிறீர்கள். இதில் கூடாது. "வைட்டமின் ஈ போட்டேனே" என்பீர்கள். அது எண்ணெய் சிக்கு வாடை அடிக்காமல் கொஞ்ச நாள் தள்ளிப்போடும், கிருமியைக் கொல்லாது. எலுமிச்சைச் சாறு கேட்ட மூன்று பேருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: பிஎச் என்பது புளிப்பை, அதாவது அமிலத்தைக் காட்டும் அளவு, எண் குறையக் குறைய அமிலம் அதிகம். எலுமிச்சையின் பிஎச் 2 பக்கம், தோலுடையது 5 பக்கம். அந்தச் சாற்றைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் கொப்பளித்துக் கறுத்துவிடவும் செய்யும். என் டப்பா பக்கமே கொண்டு வராதீர்கள்.

ஆங், பூசும் விதத்தைச் சொல்லவில்லை. பட்டர் தோலுக்கு ஈரம் தராது, இருக்கிற ஈரத்தைப் போகவிடாது, அவ்வளவுதான். குளித்துவிட்டு லேசாக ஒற்றிய கையோடு பூசுங்கள். காய்ந்த தோலில் பூசிவிட்டு "பிசுபிசுக்கிறது, பலனில்லை" என்றால் நான் என்ன செய்ய? புது ஆட்கள் முதலில் முழங்கைக்கு உள்பக்கம் கொஞ்சம் தடவி ஒரு நாள் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதோ, புது டப்பா. நகத்தால் கீறுகிறேன், பார்த்தீர்களா, கோடு சுத்தமாக விழுகிறது, நறநறப்பு இல்லை. இன்றைக்கு மூன்றாம் நாள்தான், போன தடவை நாலாம் நாளில்தான் மாட்டினேன். அதனால் இந்த முறை அலட்டிக்கொள்ளவில்லை. இரண்டு வாரம் கழித்து இதே டப்பாவை இதே மேசையில் திறக்கிறேன், மணல் வந்திருந்தால் அதையும் காட்டுகிறேன்.