இரண்டாம் இரவு

அவையோருக்கு வணக்கம்.

படைப்பு என்று பேச்செடுத்தாலே, எங்கிருந்தோ ஒரு பொறி வந்து விழுவதாகவும், அது விழும்வரை காத்திருப்பதே நம் வேலை என்றும் பலர் நம்புகிறோம். அந்த நம்பிக்கையால் எழுதாமலும் வரையாமலும் இருந்துவிட்டவர்களை நினைத்தால் எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது.

பொறி விழுந்த கதைகளில் புகழ்பெற்ற ஒன்றைச் சற்று அருகில் சென்று பார்ப்போம். ஓட்டோ லோவி, ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் பணியாற்றிய மருந்தியல் அறிஞர். நரம்பு இதயத்துக்கு ஆணையிடுவது மின்சாரத்தாலா, வேதிப்பொருளாலா என்பது அன்று தீராத கேள்வி. ஓரிரவு விழித்தெழுந்து ஒரு சிறு தாளில் எதையோ குறித்துவிட்டுத் தூங்கிப்போனார். காலையில் தம் கிறுக்கலே அவருக்குப் புரியவில்லை. மறுநாள் இரவு மூன்று மணிக்கு அதே எண்ணம் திரும்பி வந்ததும், எழுந்து நேரே ஆய்வுக்கூடத்துக்குப் போனார். ஒரு தவளையின் இதயத்தில் நரம்பைத் தூண்டித் துடிப்பைத் தளர்த்தி, அதிலிருந்த கரைசலை எடுத்து இன்னொரு தவளையின் இதயத்தில் விட்டார்; நரம்பைத் தொடாத அந்த இதயமும் தளர்ந்து துடித்தது. ஆணையைச் சுமந்து சென்றது கரைசலில் கலந்த ஒரு வேதிப்பொருள்தான் என்று தெரிந்தது. 1921இல் வெளியான இந்த ஆய்வு, 1936இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு பெற்றுத்தந்தது.

இதைக் கனவின் கொடை என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கம். ஆனால் வேதிப்பொருளாக இருக்கலாம் என்ற ஊகம் 1903இலேயே அவருக்குத் தோன்றி, சோதிக்க வழியில்லாமல் கிடப்பில் கிடந்தது. தவளை இதயத்தைக் கரைசலோடு துடிக்கவிட்டு ஆராயும் முறையோ, வேறொரு தேவைக்காகச் சில ஆண்டுகளுக்கு முன்பே அவர் கைக்குப் பழகியிருந்தது. கேள்வி ஒருபுறமும் கைப்பழக்கம் மறுபுறமுமாக இரண்டும் அவருக்குள்ளேயே இருந்தன. உறக்கம் அவற்றுக்கு முடிச்சுப் போட்டது.

கணித மேதை புவான்காரேயும் இதையே 1908இல் விரித்துரைத்தார். பயணத்தின்போது வண்டிப் படியில் கால்வைத்த நொடியில் அவருக்கு ஒரு விடை கிடைத்தது. அதற்கு முன்னே மேசையில் நாள்கணக்கான உழைப்பு இருந்தது, பின்னே அதைச் சரிபார்க்கும் வேலையும் இருந்தது.

லோவியின் முதல் இரவுதான் என் மனத்தை விட்டு அகலுவதில்லை. இரண்டு இரவுகளிலும் வந்தது ஒரே எண்ணம். முதல் இரவில் அவர் மீண்டும் படுத்துக்கொண்டார்.