ஒரே நிலவறையில் இரண்டு தரப்பு: கார்ட்டர் வீட்டின் போர்க்கதை

இன்றைக்குத் தளபதிகளைக் கொஞ்சம் ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு ஒரு வீட்டைப் பற்றிப் பேசலாம்.

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ஃபிராங்க்ளின் என்று ஒரு சிற்றூர். அதன் தென்கோடியில், கொலம்பியா போகிற சாலையோரம், ஃபவுண்டன் பிராஞ்ச் கார்ட்டர் என்பவர் 1830-ல் கட்டிய செங்கல் வீடு அது. அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன தென்மாநிலங்களுக்கும் வடமாநிலங்களுக்கும் உள்நாட்டுப் போர் நடந்த காலம். 1864 நவம்பர் 30, இன்னும் விடியக்கூட இல்லை, வடக்குப் படையின் ஜெனரல் ஜேக்கப் காக்ஸ் வந்து குடும்பத்தை எழுப்பி, இனி இதுதான் என் தலைமையிடம் என்றுவிட்டார். அனுமதி கேட்கிற வழக்கமெல்லாம் போரில் ஏது? ஹார்பெத் ஆற்றைக் கடந்து நாஷ்வில் போக வேண்டிய படை அது. பாலம் சரியில்லை, சரிசெய்யும்வரை தாக்குப்பிடிக்க வேண்டும், அதனால் வீட்டை ஒட்டியே பதுங்குகுழி வெட்டினார்கள்.

மாலை நாலு மணிக்கு ஜெனரல் ஹூட் தலைமையில் தெற்குப் படை திறந்த வெளியில் நடந்து வந்து மோதியது. ஐந்து மணி நேரச் சண்டை, பெரும்பகுதி இருட்டில். தெற்குப் படை அதில் ஆறு ஜெனரல்களை இழந்தது.

அந்த நேரம் முழுக்க 67 வயதுக் கார்ட்டரும் பிள்ளைகளும் பேரக்குழந்தைகளும் வீட்டுக்கு அடியில், நிலவறையில் முடங்கிக் கிடந்தார்கள். எதிர்வீட்டு லோட்ஸ் குடும்பமும் அங்கேதான். லோட்ஸ் ஜெர்மனியிலிருந்து வந்த தச்சர். தன் மரவீடு குண்டுக்குத் தாங்காது என்று தொழில் தெரிந்தவராகக் கணக்குப் போட்டு, சாலையைத் தாண்டிச் செங்கல் வீட்டுக்கு வந்துவிட்டார். கணக்கு சரிதான். ஒரு பீரங்கிக் குண்டு அவர் வீட்டுக் கூரையையும் மாடித் தளத்தையும் துளைத்துக்கொண்டு கீழ்த்தளப் பலகையில் விழுந்த பள்ளம் இன்றும் இருக்கிறது.

கார்ட்டரின் அடிமைகளும் அதே நிலவறையில் இருந்தார்கள். யாரை அடிமையாக வைத்திருக்கலாமா கூடாதா என்று இந்தப் போர் மூண்டதோ அவர்களும், அவர்களைச் சொத்தாக எண்ணியவரும், ஒரே இருட்டில் ஒரே குண்டுக்குப் பயந்துகொண்டு. இந்த வீட்டின் கதையை மகன் டாட் கார்ட்டரின் சோகமாக மட்டும் சொல்லி முடித்துவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை.

டாட் கதை உருக்கமானதுதான், மறுக்கவில்லை. தெற்குப் படையில் கேப்டன், 24 வயது, சொந்த வீட்டை நோக்கியே குதிரையில் பாய்ந்து, கூப்பிடு தூரத்தில் அடிபட்டு விழுந்தார். ராத்திரி அப்பாவும் சகோதரிகளும் விளக்கை எடுத்துக்கொண்டு பிணங்களுக்கு நடுவே தேடிப்போய்த் தூக்கி வந்தார்கள். டிசம்பர் 2, அந்த வீட்டிலேயே உயிர் போனது.

அப்புறம் அந்தச் சுவர்கள். வீட்டிலும் புறக்கட்டிடங்களிலுமாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட குண்டுத் தடங்கள். பண்ணைக் கணக்கு பார்க்கிற சின்ன மரக்கட்டிடத்தின் பலகைகள் சல்லடை. நாலு பலகையை மாற்றியிருந்தால் அத்தனையும் அழிந்திருக்கும், மாற்றவில்லை. 1953-ல் இடத்தை அருங்காட்சியகமாகத் திறந்தார்கள்.

சுற்றியிருந்த போர்க்களத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அந்த ஆறு ஜெனரல்களில் ஒருவரான கிளீபர்ன் விழுந்ததாகச் சொல்லப்படும் இடத்தருகே பீட்சா ஹட் கடை நடந்தது! 2005-ல் அந்த மனையை வாங்கிக் கடையை இடித்தார்கள். பிறகு அக்கம்பக்கத்து மனைகளையும் ஒவ்வொன்றாக வாங்கி, கட்டிடங்களை அகற்றி, பழைய பருத்தி ஆலை நின்ற நிலத்தை மீட்டுப் பூங்காவாக்கினார்கள். காலி மனையில் கடை கட்டுகிற ஊர்களைத்தான் நமக்குத் தெரியும். இவர்கள் காசு கொடுத்துக் கடையைக் காலி மனையாக்கியவர்கள்.