வைஃபை புடிக்குது, நெட் வரல: ரெண்டு பெட்டிக்கும் ஒரே நம்பர்

வணக்கம். அடுத்த கேள்வி திண்டுக்கல் பக்கத்துல இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. படிக்கிறேன்.

"அண்ணா, வீட்ல ஃபைபர் கனெக்ஷன் இருக்கு. கம்பெனி பெட்டி ஹால்ல இருக்கறதால உள் ரூமுக்கு சிக்னல் வரல. அக்கா வீட்ல சும்மா கெடந்த ரவுட்டரை எடுத்துட்டு வந்து மாட்டினேன். அந்த வைஃபை கனெக்ட் ஆகுது, ஆனா இன்டர்நெட் இல்லைன்னு காட்டுது. அதே கேபிளை லேப்டாப்ல சொருகினா நெட் நல்லா வருது. கம்பெனில லைன் சரின்னு சொல்றாங்க. கடைல ரவுட்டர் நல்லாதான் இருக்கு, எதுக்கும் புதுசு வாங்கிக்கோங்கன்னு சொல்றாங்க. இன்னொண்ணு, லேப்டாப்பை நேரா மாட்டி பிரவுசர்ல 192.168.1.1 அடிச்சா கம்பெனி பேஜ் வருது. ரவுட்டர் வழியா அதே நம்பரை அடிச்சா ரவுட்டர் பேஜ் வருது. என்னண்ணா பண்றது?"

தங்கச்சி, புதுசு வாங்காதீங்க, கொஞ்சம் பொறுங்க. கம்பெனிக்காரங்க சொன்னதும் சரி, கடைக்காரர் சொன்னதும் சரி. லைனும் கெடல, ரவுட்டரும் கெடல. கடைசியா "இன்னொண்ணு"ன்னு போட்டு எழுதினீங்களே, விஷயமே அதுலதான் இருக்கு.

முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கங்க. வைஃபை வேற, இன்டர்நெட் வேற. போன்ல வைஃபை கோடு முழுசா காட்டுதுன்னா, போனுக்கும் ரவுட்டருக்கும் நடுவுல பேச்சு நல்லா இருக்குன்னு மட்டும்தான் அர்த்தம். ரவுட்டருக்கு அந்தப் பக்கம் என்ன நடக்குதுன்னு அந்தக் கோடு சொல்லாது.

உங்க வீட்ல கம்பெனி பெட்டியோட நம்பர், அதாவது நெட்வொர்க்ல அதோட முகவரி, 192.168.1.1. அக்கா வீட்டு ரவுட்டரோட நம்பரும் 192.168.1.1. தனித்தனியா இருந்தா ஒரு பிரச்சினையும் இல்ல. ஒண்ணு பின்னாடி ஒண்ணா மாட்டினாதான் சிக்கல். உங்க போன் ஏதோ ஒரு சைட்டைக் கேக்குது. ரவுட்டர் அதை வெளிய அனுப்பணும். வெளிய போற வாசல் எதுன்னு பாக்குது, 192.168.1.1. அட, அது நான்தானேன்னு அங்கயே நின்னுடுது. சில ரவுட்டருங்க இந்த மோதலைக் கண்டுபிடிச்சு தன் நம்பரை தானே மாத்திக்கும். உங்களுது மாத்திக்கலன்னு நீங்க எழுதினதுலயே தெரியுது.

சரி, செய்ய வேண்டியது. கம்பெனி பெட்டில இருந்து ரவுட்டருக்கு வர்ற கேபிளை இப்போதைக்கு உருவிடுங்க. லேப்டாப்பை ரவுட்டரோட லேன் (LAN) போர்ட்ல, அதாவது வீட்டு மெஷினுங்களை மாட்டற இடத்துல, கேபிள் போட்டு இணைச்சு 192.168.1.1 அடிங்க. பாஸ்வேர்டு கேக்கும். ரவுட்டரைக் கவுத்துப் பாத்தா ஸ்டிக்கர்ல இருக்கும். அக்கா வீட்ல அதை மாத்தியிருந்தா அக்காவையே கேளுங்க. அவங்களுக்கும் ஞாபகம் இல்லன்னா இந்த ரவுட்டரை ரீசெட் பண்ணலாம், தப்பில்ல. பின்னாடி இருக்கற சின்ன ஓட்டைல ஊசி வெச்சு பத்து செகண்ட் அமுக்கிப் புடிங்க. ஆனா ஒண்ணு, கம்பெனி பெட்டில மட்டும் ரீசெட்டைத் தொட்டுடாதீங்க. லைன் லாகின் அதுக்குள்ளதான் இருக்கு. அது அழிஞ்சா லேப்டாப்ல வர்ற நெட்டும் போயிடும், அப்புறம் ஆள் வர்ற வரைக்கும் காத்திருக்கணும்.

உள்ள போனதும் லேன் செட்டிங்ஸ்னு இருக்கும். அங்க 192.168.1.1ஐ அழிச்சுட்டு 192.168.10.1னு போட்டு சேவ் பண்ணுங்க. ரவுட்டர் ஒருதரம் அணைஞ்சு எரியும். பழைய நம்பர்ல பேஜ் வராது, பயந்துடாதீங்க. லேப்டாப் கேபிளை உருவி மறுபடி சொருகிட்டு புது நம்பரை அடிங்க, வரும்.

அடுத்து வேன் (WAN) செட்டிங்ஸ், அதாவது வெளிய இருந்து நெட் வர்ற பக்கம். கனெக்ஷன் டைப்ல பிபிபிஓஈ (PPPoE), அதாவது யூசர் நேம் போட்டு லாகின் பண்ற வகைன்னு இருந்து, அக்கா வீட்டு யூசர் நேமே இன்னும் உக்காந்திருக்கலாம். உங்களுக்கு அது தேவையில்ல. எப்படிச் சொல்றேன்னா, லேப்டாப்பை நேரா சொருகினப்போ யூசர் நேம், பாஸ்வேர்டுன்னு எதுவுமே கேக்காம நெட் வந்துச்சு. அப்ப லாகின் வேலையை கம்பெனி பெட்டியே பாத்துக்குது. அதனால டைனமிக் ஐபின்னு மாத்துங்க, கம்பெனி பெட்டி குடுக்கற நம்பரை ரவுட்டர் தானா எடுத்துக்கும்.

இப்ப கேபிளை எடுத்து ரவுட்டரோட வேன் போர்ட்ல சொருகுங்க. நிறைய ரவுட்டர்ல அது மட்டும் வேற கலர்ல, பெரும்பாலும் நீலத்துல இருக்கும். மத்த லேன் போர்ட் ஒண்ணுல மாட்டிட்டு முழிக்கிறவங்க நிறைய பேரு. ஒரு நிமிஷம் விட்டு ஸ்டேட்டஸ் பேஜ்ல வேன் ஐபின்னு என்ன இருக்குன்னு பாருங்க. 192.168.1னு ஆரம்பிச்சு ஒரு நம்பர் இருந்தா முடிஞ்சது, நெட் வந்துடும். 0.0.0.0னு இருந்தா கம்பெனி பெட்டில இருந்து நம்பரே வரல. போர்ட்டைப் பாருங்க, கேபிளை மாத்திப் பாருங்க. நம்பர் வந்தும் சைட் எதுவும் திறக்கலன்னா, லேப்டாப்ல கமாண்ட் பிராம்ப்ட் திறந்து ping 8.8.8.8னு அடிங்க. பதில் வந்துச்சுன்னா வழி சரியா இருக்கு, பேரைத் தேடித் தர்ற டிஎன்எஸ்தான் தகராறு. ரவுட்டர்ல டிஎன்எஸ் இடத்துல 8.8.8.8, 1.1.1.1 ரெண்டையும் போட்டா சரியாயிடும்.

ஃபைபர் இல்லாம தெருக் கேபிள் கனெக்ஷன் வெச்சிருக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்கும் லேப்டாப்ல வந்து ரவுட்டர்ல வரலன்னா, காரணம் வேறயா இருக்கலாம். சில ஆபரேட்டர்கள் முதல்ல மாட்டின மெஷினோட மேக் (MAC) அட்ரஸை, அதாவது ஒவ்வொரு மெஷினுக்கும் இருக்கற தனி அடையாள நம்பரைப் பதிஞ்சு வெச்சுக்குவாங்க, வேற மெஷினுக்கு விட மாட்டாங்க. ரவுட்டர்ல மேக் குளோன்னு இருக்கும், அந்த லேப்டாப்ல இருந்தே உள்ள போய் அதைக் குடுங்க, லேப்டாப்போட நம்பரையே ரவுட்டரும் காட்டும். இல்ல, ஆபரேட்டருக்கு போன் போட்டு புது மேக்கை ஏத்தச் சொல்லுங்க.

தங்கச்சி, இவ்வளவும் பண்ணியும் வரலன்னா அந்த ஸ்டேட்டஸ் பேஜை போட்டோ எடுத்து அனுப்புங்க, பாத்துச் சொல்றேன். ரவுட்டர் ஸ்டிக்கரையும் சேத்து எடுத்தா பாஸ்வேர்டை விரலால மறைச்சுட்டு எடுங்க.