கம்போஸ்ட் தொட்டி ஈயும் கிராஞ்சி கதிர்க்குருவியும் (சமூக மன்றத்துல பேசினது)

எல்லாருக்கும் வணக்கம். பின்னாடி நிக்கிறவங்க முன்னாடி வந்து உக்காருங்க, நாற்காலி நிறைய காலியாதான் இருக்கு.

போன மாசம் நம்ம ப்ளாக் கீழ தோட்டத்துல கம்போஸ்ட் தொட்டியத் திறந்தேன், உள்ளேர்ந்து கருப்பா ஒண்ணு கிளம்பி வந்துச்சு, பக்கத்துல இருந்த ஆன்ட்டி "ஐயோ குளவி"ன்னு ஸ்ப்ரே எடுக்க ஓடிட்டாங்க. குளவியே இல்லீங்க. குளவிக்கு நாலு றெக்கை, இதுக்கு ரெண்டுதான், கொடுக்கும் கிடையாது. இடுப்புகிட்ட கண்ணாடி ஜன்னல் மாதிரி ரெண்டு இடம் இருக்கும், அதுல வெளிச்சம் ஊடுருவிப் போறதால இடுப்பு ஒடுங்கினாப்ல தெரியும், ஆளு ஏமாந்துடுவோம். இது பிளாக் சோல்ஜர் ஃப்ளைங்கற ஈ, பூர்வீகம் அமெரிக்கா பக்கம்.

இது சாப்பிடறதெல்லாம் புழுவா இருக்கறப்பதான். சோறு, பழத்தோல், மீன் தலைன்னு எது போட்டாலும் ரெண்டு மூணு வாரம் ராப்பகலா தின்னும், அப்புறம் உடம்பு கருத்து, தானாவே ஏறி காஞ்ச இடம் தேடிப் போயிடும். ஈயா மாறினதும் தண்ணி குடிச்சா உண்டு, நம்ம தட்டுப் பக்கம் வராது, ஒண்ணு ரெண்டு வாரத்துல ஆயுசும் முடிஞ்சிடும். 2023ல மட்டும் நம்ம சிங்கப்பூர்ல 7,55,000 டன் உணவுக் கழிவு, மறுசுழற்சி ஆனது 18 சதவீதம்தான், மிச்சம் எரிஞ்சு சாம்பலா செமாக்காவ்ங்கற குப்பைத் தீவுக்குப் போகுது, அதனால இந்தப் புழுவக் கும்பிடணும்.

சரி, கிராஞ்சி சதுப்பு நிலத்துக்கு வருவோம். அங்க மஞ்சள் வயித்துக் கதிர்க்குருவி ஒண்ணு இருக்கு, நம்ம ஒரு டாலர் காசு கனம்தான் இருக்கும், நீட்டு வாலு, உயரமான புல்லுக்குள்ள ஒளிஞ்சுகிட்டு பூனைக்குட்டி மாதிரி கத்தும். நான் முதல்ல நிஜமாவே பூனையத் தேடினேன்!

ஈ நூத்துக்கணக்குல முட்டை போட்டுட்டு திரும்பிப் பாக்காது. குருவி நாலஞ்சு முட்டைதான், அதுக்கு புல்லுலயே பை மாதிரி கூடு பின்னி, ஜோடியா மாத்தி மாத்தி அடைகாத்து, பூச்சி பிடிச்சு ஊட்டி, ஒரு நாள் லீவு கிடையாது. ஈக்கு நம்ம குப்பை போதும். குருவிக்கு வெட்டாத புல்லு வேணும், நாம அத வெட்டிட்டுதான் சுத்தமா இருக்குன்னு சொல்றோம். எனக்கென்னமோ குருவி மேலதான் பாசம் ஜாஸ்தி.

அங்க ஒரு தம்பி கை தூக்குறாரு, குருவி இந்தப் புழுவத் தின்னுமான்னு. அது பூச்சி தின்னிதான் தம்பி, ஆனா புல்ல விட்டு நம்ம ப்ளாக்குக்கு எங்க வரப்போகுது? தொட்டி மூடியத் திறந்து வச்சா முதல்ல வந்து நிக்கிறது மைனாதான்.